தைபேயில் நாலு நாள்



போன மாதம் நான் போட்ட போட்டோக்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "சிங்கப்பூர் சரிங்க சார், மகள் வீடு. தைபே எதுக்குங்க?" என்று. விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதுதான் அந்தப் பதில். கொஞ்சம் நீளம். பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள்.

என்னைத் தைபேக்குக் கூட்டிப்போனது என்னிடம் படித்த ஒரு பையன். பையன் என்கிறேன், வயது நாற்பதை நெருங்குகிறது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவனுக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு கிடையாது, ஆண்கள் மேல்தான். 'கே' என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். தமிழில் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று எழுதுகிறோம். சில வருடங்களுக்கு முன்னால் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை என்னிடம் சொன்னான். "சரி சாமி, இப்ப சொன்னது நல்லதாப் போச்சு, உள்ள வந்து சாப்பிடு" என்றேன். அதற்கப்புறம் மாதம் ஒரு தடவையாவது போன் செய்வான்.

இந்தப் பதிவை அவனிடம் முழுக்கப் படித்துக் காட்டி, "போடுங்க சார்" என்று அவன் சொன்ன பிறகே போடுகிறேன். எந்த வருட செட், எந்த ஊர்க்காரன் என்று யாரும் ஆராய வேண்டாம். தெரிந்துகொள்ள முடியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

நான் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கப் போவது தெரிந்ததும், "நான் நாலு நாள் லீவு போட்டுட்டு தைபே போறனுங்க சார். சிங்கப்பூருக்கு வந்து உங்களையும் கூட்டிக்கறேன்" என்றான். தைவானோடு நமக்கு முறையான தூதரக உறவு இல்லை. அதனால் சென்னையில் இருக்கிற தைபே பொருளாதார கலாச்சார மையத்தில் விசா வாங்க வேண்டும். அதையும் அவனே பார்த்துக்கொண்டான்.

வேலை விஷயமாக டோக்கியோ, சியோல் எல்லாம் போய்வந்தவன் அவன். டோக்கியோவில் ஷின்ஜுகு பக்கத்தில் அப்படி ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அவனைப் போன்றவர்கள் கூடும் சிறு சிறு மதுக்கூடங்கள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சியோலிலும் அப்படித் தெருக்கள் உண்டு. "ஆனா சார், அங்கெல்லாம் ராத்திரிக்கு ஒரு தெரு இருக்குது. தைபேயில பகல்லயும் ஊரே இருக்குது" என்றான். ஆசியாவிலேயே முதல் நாடாக, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் பதிவு செய்யலாம் என்று சட்டம் கொண்டுவந்தது தைவான். 2019 மே 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் 2023-இல் நேபாளத்தில் பதிவு தொடங்கியது, 2025 ஜனவரியில் தாய்லாந்து வந்தது.

தைபே விமான நிலையம் இருப்பது தாவ்யுவான் என்ற பக்கத்து ஊரில். அங்கிருந்து மெட்ரோவில் முக்கால் மணி நேரத்துக்குள் நகரத்தின் நடுவில் இறக்கிவிட்டு விடுகிறார்கள். மெட்ரோவுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, அபராதம். நான் பாட்டிலைத் திறந்ததும் பையன் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டான். வாத்தியாருக்கு மாணவன் ஒழுங்கு சொல்லிக்கொடுக்கும் காலம்.

ஷிமென் என்ற கடைவீதிப் பகுதியில் ஒரு சின்ன ஹோட்டல். வரவேற்பில் இருந்த பெண் எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு பெரிய கட்டில் உள்ள அறையா, இரண்டு கட்டில் உள்ள அறையா?" என்று கேட்டாள். சிரிப்பில்லை, ஏற இறங்கப் பார்க்கவில்லை. காபியா டீயா என்று கேட்பதுபோலக் கேட்டாள். அறுபத்தேழு வயதுக் கிழவனையும் இவனையும் பார்த்து இப்படிக் கேட்டதில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவன்தான் கூச்சத்தோடு "எங்க வாத்தியாருங்க, ரெண்டு கட்டில்" என்றான். அவள் தலையாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

அறைக்குப் போன பிறகு நான் கேட்டேன், நம்ம ஊரிலும்தான் இரண்டு ஆண்கள் லாட்ஜில் ஒரே ரூம் எடுத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லையே, பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் அப்படித்தானே தங்குகிறார்கள் என்று. அவன் சொன்ன பதில் இன்னும் மனதில் நிற்கிறது. "நம்மூர்ல கேக்காம இருக்கறது, அப்படி ஒருத்தன் இருப்பான்னே நினைக்காததாலங்க சார். இங்க, இருப்பான்னு தெரிஞ்சும் கண்டுக்காம கேக்கறாங்க. ரெண்டும் ஒண்ணில்லைங்க."

சாயங்காலம் ஷிமென் மெட்ரோவின் 6-ஆம் எண் வாசலுக்குப் போனோம். தரையில் வானவில் நிறங்களில் அகலமான பட்டை தீட்டி வைத்திருக்கிறார்கள். நான் போட்ட முதல் போட்டோ அங்கே எடுத்ததுதான். எதிர்ப்பக்கம் சிவப்பு மாளிகை. ஜப்பான்காரர்கள் தைவானை ஆண்டபோது 1908-இல் சந்தைக்காகக் கட்டிய எண்கோணக் கட்டடம். பிறகு நாடகக் கொட்டகை, சினிமாக் கொட்டகை என்று மாறி, இப்போது உள்ளே சின்னக் கடைகள். பின்பக்கத் திறந்தவெளியில் வரிசையாக மதுக்கூடங்களும் சாப்பாட்டுக் கடைகளும். அவனைப் போன்றவர்கள் கூடும் இடம் அது என்று ஊருக்கே தெரியும். வெளியே மேசை நாற்காலி போட்டு, நடுவீதி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலை நரைத்த இரண்டு ஆண்கள் பேசாமல் ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம், குழந்தையோடு. நான் எலுமிச்சை ஜூஸ். அவன் ஒரு பீர், அதையும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் குடித்தான்.

மறுநாள் காலையில் 228 அமைதிப் பூங்காவுக்கு நடந்தே போனோம். சிவப்பு மாளிகையிலிருந்து கால் மணி நேர நடை. நான் வரலாற்று வாத்தியார் என்பதால் இந்தப் பூங்காவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1949 முதல் 1987 வரை தைவானில் ராணுவச் சட்டம். நமக்கு வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிக்கொடுத்த 377-ஆம் பிரிவு போல அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் போலீஸ் பயம், வீட்டுப் பயம், ஊர்ப் பயம் எல்லாம் உண்டு. அந்தக் காலத்தில் இந்த ஆண்களுக்கு இருந்த முக்கியச் சந்திப்பிடம் இந்தப் பூங்காவின் இருட்டு. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பையன்கள் இங்கே கூடுவதை வைத்துப் பாய் சியென்-யுங் என்ற எழுத்தாளர் 1983-இல் ஒரு நாவலே வெளியிட்டார். இப்போது காலை வேளையில் கிழவர்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள், அணில் ஓடுகிறது. இருட்டுப் பூங்காவிலிருந்து வெளிச்சத்து மேசைக்கு எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. அவர்களுக்கு முப்பது நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

மதியம் லுங்ஷான் கோவில். ஷிமெனுக்கு அடுத்த ஸ்டேஷன். 1738-இல் கட்டிய பழைய கோவில். கூட்டம் நம் வடுகநாதர் கோவில் விசேஷ நாள் போலத்தான். பின்பக்கத்தில் கல்யாணம் முடித்து வைக்கும் ஒரு தாத்தா சாமி இருக்கிறார். பிறை வடிவில் இரண்டு மரத்துண்டுகளைக் கீழே போட்டு, ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சாமி சம்மதம் கொடுத்தார் என்று பொருள். பிறகு ஒரு சிவப்பு நூலை எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கம் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பூ வாக்குக் கேட்கிறோம் அல்லவா, அதேதான்.

"நீயும் கேளு" என்றேன். "இவரு ஆணுக்கும் பொண்ணுக்கும் முடிச்சுப் போடறவருங்க. நான் கேட்டா குழம்பிக்குவாருங்க சார்" என்று சிரித்தான். அவனுக்கென்று வேறொரு சாமி இருக்கிறது. நகரத்தை ஒட்டிய நியூ தைபேயில், ஒரு சாதாரணக் குடியிருப்புச் சந்துக்குள், முயல் சாமி கோவில். சீனாவின் ஃபுஜியன் பகுதியில் பல நூறு வருடமாக வழங்கும் கதையில் வரும் தெய்வம். ஆணை விரும்பும் ஆண்களுக்குத் துணை தேடித் தருகிறவர். ஒரு பூசாரி 2006-இல் இவருக்குக் கோவில் வைத்தார். பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் தெளிவாகச் சொல்லி வேண்ட வேண்டுமாம், இல்லையென்றால் சாமிக்கு வீடு தெரியாதாம். இவன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றான். வெளியே வந்ததும் "பின்கோடு சொன்னியா?" என்று கேட்டேன். "சொன்னனுங்க சார், திருப்பூர் மாவட்டம்னும் சொன்னேன்" என்றான். இருவரும் சந்து முனை வரை சிரித்துக்கொண்டே வந்தோம். நாற்பதை நெருங்கும் ஒருவன் தனக்கு ஒரு துணை வேண்டும் என்று வாய்விட்டு ஒரு சாமியிடம் கேட்க நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. சிரித்து முடித்த பிறகு அதுதான் எனக்கு மனதில் நின்றது.

இனி எழுதப் போவது, ஆசிரியர் வேலைக்குப் போயிருக்கும் என் மாணவர்களுக்காக.

தைவானின் தெற்கே பிங்டுங் மாவட்டத்தில் யெ யுங்-சி என்று ஒரு பையன். நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. நடையும் குரலும் கொஞ்சம் மென்மை. மற்ற பையன்கள் கழிப்பறையில் அவன் கால்சட்டையை இறக்கி "நீ பையன்தானா பார்க்கிறோம்" என்று வம்பு செய்திருக்கிறார்கள். அதனால் இடைவேளையில் போகமாட்டான். வகுப்பு நடக்கும்போது, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போவான். 2000 ஏப்ரலில் அப்படி ஒரு நாள் வகுப்பு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அனுமதி கேட்டுப் போனவன் திரும்பவில்லை. கழிப்பறைத் தரையில் ரத்தத்தில் கிடந்தான். பிழைக்கவில்லை. அவனுடைய அம்மா கிராமத்துப் பெண். வழக்கு நடத்தினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2004-இல் தைவான் பாலினச் சமத்துவக் கல்விச் சட்டம் கொண்டுவந்ததற்கு இந்தப் பையனின் சாவு ஒரு முக்கியக் காரணம். நடை உடை பாவனைக்காகவோ, யாரை விரும்புகிறான் என்பதற்காகவோ பள்ளியில் எந்தப் பிள்ளையையும் இழிவு செய்யக்கூடாது, அதைத் தடுப்பது பள்ளியின் கடமை என்பது சட்டமாயிற்று.

திருமணச் சட்டம் வருவதற்குப் பதினைந்து வருடத்துக்கு முன்னாலேயே பள்ளிக்கூடச் சட்டம் வந்துவிட்டது. அந்த வகுப்புகளில் படித்து வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று ஹோட்டல் வரவேற்பில் உட்கார்ந்து "ஒரு கட்டிலா, இரண்டா" என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அங்கே எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். சி சியா-வெய் என்பவர் 1986-இல் வெளிப்படையாகத் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சில மாதம் சிறையில் இருந்தார். முப்பது வருடம் மனு மேல் மனு போட்டார். 2017 மே 24-இல் அரசியல் சாசன நீதிமன்றம் 748-ஆம் எண் விளக்கத்தில், இரண்டு வருடத்துக்குள் சட்டம் கொண்டுவர வேண்டும் என்றது. நடுவில் 2018 நவம்பரில் பொது வாக்கெடுப்பு வைத்தபோது பெரும்பாலான சனம் வேண்டாம் என்றே ஓட்டுப் போட்டார்கள். அதனால் சட்டத்தின் தலைப்பில் திருமணம் என்ற சொல்லையே வைக்காமல், '748-ஆம் விளக்கத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம்' என்று பெயர் வைத்து 2019 மே 17-இல் நிறைவேற்றினார்கள். 2018-இல் அரசு எடுத்த கருத்துக் கணிப்பில் நூற்றுக்கு நாற்பது பேர்கூட ஆதரிக்கவில்லை. ஐந்தே வருடத்தில் அறுபதைத் தாண்டிவிட்டது. பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை என்று பார்த்த பிறகு மனம் மாறியிருக்கிறது.

நம் நாட்டில் என்ன நிலை என்று கேட்பீர்கள். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் சம்மதித்து வாழ்வது குற்றமில்லை என்றது. 2023 அக்டோபர் 17-இல், திருமண உரிமையை நீதிமன்றம் கொடுக்க முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஆனால் நம் சென்னை உயர் நீதிமன்றம் செய்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு 2021 ஜூன் 7-இல் உத்தரவு போட்டார். இவர்களை மருந்து கொடுத்து 'மாற்றுகிறேன்' என்று சொல்வதற்குத் தடை விதித்தார். 2022-இல் தமிழக அரசு, இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தானே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். இது நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே "டாக்டர்கிட்டக் காட்டலாமா?" என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

கடைசி நாள் சாயங்காலம் யானை மலை என்ற குன்றில் ஏறினோம். படிக்கட்டுதான், ஆனாலும் எனக்கு மூச்சு வாங்கியது. மேலேயிருந்து 508 மீட்டர் உயரமுள்ள தைபே 101 கோபுரமும் நகரமும் தெரிகிறது. அங்கே உட்கார்ந்துதான் அவன் பேசினான்.

"ஜூன் மாச ஆர்டர்னு ஒண்ணு வருமுங்க சார். வெளிநாட்டு பையருக்கு, நெஞ்சுல வானவில் பிரிண்ட் போட்ட டீ-ஷர்ட். சாம்பிள்லேர்ந்து ஷிப்மெண்ட் வரைக்கும் நான்தான் பாக்கறேன். செக்கிங் டேபிள்ல அதை விரிச்சு வெச்சுட்டு, பொம்பளைங்க 'என்னங்ணா கலர் கலரா, குழந்தைங்களுக்கா?'ன்னு கேப்பாங்க. ஆமாம்பேன். ஆயிரக்கணக்குல அனுப்பியிருக்கேன். ஒண்ணு எடுத்துப் போட்டதில்லைங்க."

கொஞ்ச நேரம் கழித்து: "கம்பெனி, பஸ்ஸு, கல்யாண வீடு, எங்க போனாலும் என்னோட ஒரு கண்ணு என் மேலயே இருக்குமுங்க. கையை எப்படி வெச்சிருக்கேன், கொரலு எப்படிப் போவுது, யாரைப் பாக்கறேன்னு. இந்த நாலு நாளு அந்தக் கண்ணுக்கு லீவு சார். தூக்கம் நல்லா வந்துச்சு."

வீட்டில் பெண் பார்க்கிறார்கள். தை மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். "தலையை ஆட்டி ஒரு தாலியைக் கட்டிட்டா ஊரு வாயை மூடிக்கும். எம் பிரச்சினை அன்னைக்குத் தீந்துரும், அந்தப் பொண்ணோடது அன்னைக்குத்தான் ஆரம்பமாகும். நான் மாட்டேனுங்க சார்" என்றான். அந்தப் பெண் யாரோ, அவளுடைய அப்பா அம்மா யாரோ. தனக்கு முகம் தெரியாத ஒருத்தியின் வாழ்க்கையைக் காப்பாற்ற அவன் தன் வீட்டின் கோபத்தை ஏற்கத் தயாராக இருக்கிறான். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் சொல்லிவிட்டானா இல்லையா என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவன் சொல்ல வேண்டிய விஷயம், சொல்ல வேண்டிய நேரமும் அவனுடையது.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பவனை "எப்பத்தாண்டா கல்யாணச் சோறு போடுவ, உடம்புல ஏதும் கோளாறா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்கிறவருக்கு அது விளையாட்டு. "முடிச்சு வெச்சா எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லி ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சரியாகாது. இரண்டு வீடு கெடும்.

ஆசிரியர்களாக இருக்கும் மாணவர்களே, ஒன்பது என்கிற எண்ணைக்கூட நாம் ஒரு வசவாக மாற்றி வைத்திருக்கிறோம். உங்கள் வகுப்பில் அந்தச் சொல் காதில் விழுந்தால் அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு அதைப் பேசுங்கள். மணி அடித்தும் கழிப்பறைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் பையனையும், பாடவேளை நடுவில் மட்டும் அனுமதி கேட்கும் பையனையும் திட்டுவதற்கு முன்னால் ஏன் என்று யோசியுங்கள். இதற்குச் சுற்றறிக்கை வர வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் என் பிள்ளைகளில் அவனைப் போல யாராவது இருப்பீர்கள். இத்தனை வருடத்தில் இத்தனை ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், இல்லாமல் இருக்க முடியாது. தைபே வரை போக எல்லோருக்கும் வசதி இருக்காது. குண்டடத்துக்கு பஸ் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். ஒன்றும் சொல்லவேண்டும் என்றில்லை, வந்து டீ குடித்துவிட்டுப் போங்கள்.

வாழ்க வளமுடன்.